டாக்டரின் பேனாவைப் பிடித்திருப்பது யாருடைய கை?

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையின் ஜரிகையைச் சோதித்துப் பார்க்க இயந்திரம் இருக்கிறது. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லிவிடுகிறது. ஜரிகை மட்டம் என்றால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். சங்கத்தின் பெயர் கெடும். குற்றம் யாருடையதானாலும் பிடித்தம் நெசவாளியின் கூலியில்தான் விழும். கல்யாணப் பெண் ஒரு நாள் உடுத்திப் பெட்டியில் மடித்து வைக்கும் துணிக்கு இத்தனை காவல்!

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சுங்குவார்சத்திரத்தில், குழந்தைகள் குடிக்கும் இருமல் மருந்து ஒன்று தயாராயிற்று. கோல்ட்ரிஃப் என்று பெயர். 2025 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா என்னும் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில், சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளுக்கு இந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது. தாய்மார்கள் அளவு பார்த்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார்கள். சில நாளில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. முகம் வீங்கியது. கடன் வாங்கிக்கொண்டு நாக்பூர் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப் போயின. பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத சிசுக்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு அரசின் சோதனைக் கூடம் அந்த மருந்தைப் பகுத்துப் பார்த்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 0.1 சதவீதம். அதாவது, ஏறக்குறைய பாதிப் புட்டி விஷம். பிரேக் எண்ணெய்க்கும் சாயத் தொழிலுக்கும் ஆகிற சரக்கு அது, சிறுநீரகத்தை அழித்துவிடும். மருந்தைக் கரைத்து இனிப்பாகக் கொடுப்பதற்கு வேறொரு திரவம் உண்டு. அதில் மருந்துத் தரம் என்று ஒன்று, ஆலைத் தரம் என்று ஒன்று. ஆலைத் தரம் மலிவு. அந்த மலிவின் வழியாகத்தான் விஷம் புட்டிக்குள் நுழைகிறது. இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதியும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷம் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972-ல் நம் சென்னையிலேயே 15 குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேரைக் கொன்றது. 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது உலக சுகாதார ஸ்தாபனம் சுட்டிக்காட்டிய மருந்துகளும் இந்தியாவிலிருந்து போனவைதான்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மருந்தை எழுதிய டாக்டரைக் கைது செய்தார்கள். கம்பெனி முதலாளியைக் கைது செய்தார்கள். தொழிற்சாலையில் 364 குறைகள் இருப்பதாக அறிக்கை வந்தது, லைசென்ஸ் ரத்தாயிற்று. நம் மாவட்டத்து மருந்து இன்ஸ்பெக்டர்கள் இருவர் சஸ்பெண்டு ஆனார்கள். பெரிய பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. ஒரு டாக்டர் பொறுப்பற்றவர், ஒரு முதலாளி கொடியவர், இரண்டு அதிகாரிகள் கடமை தவறியவர்கள். இவ்வளவுதான் விஷயம், கதை முடிந்தது என்றன.

நாம் கேட்கிறோம்: சளி பிடித்த ஒரு பச்சைக் குழந்தைக்கு அந்த மருந்தை ஏன் எழுத வேண்டும்? விஷம் கலந்திருந்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. விஷமே கலக்காத சுத்தமான புட்டியாக இருந்தாலும், அந்தப் புட்டி அந்த வீட்டுக்குள் ஏன் வந்தது?

சுற்றறிக்கை எங்கே உறங்கியது?

கோல்ட்ரிஃப் புட்டிக்குள் இருக்க வேண்டிய சரக்கு மூன்று: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கு ஒழுகுவதை உலர்த்தக் குளோர்பெனிரமைன், மூக்கடைப்பைத் திறக்கப் பினைலெஃப்ரின். பெரியவர்களுக்குப் பல காலமாகக் கொடுத்து வந்த மருந்துகளை அளவு குறைத்துக் குழந்தைக்கும் ஊற்றினார்கள். குழந்தை என்பது சின்ன அளவிலான பெரிய மனிதன் அல்ல. விஞ்ஞானிகள் குழந்தைகளை வைத்தே சோதித்துப் பார்த்தபோது, இந்த ஜலதோஷ மருந்துகளால் சின்னக் குழந்தைகளுக்குப் பலன் இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. தூக்கம், படபடப்பு, சில சமயம் அதற்கு மேலும் கெடுதல் வரலாம் என்பது மட்டும் தெரிந்தது. சளி தானாக வந்து தானாகப் போகிற நோய்.

இதைக் கண்டு, 2 வயதுக்குக் கீழ் இம்மருந்துகள் கூடாது என்று 2008-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 6 வயதுக்குக் கீழ் கூடாது என்று 2009-ல் பிரிட்டனில் சொன்னார்கள். நம் நாட்டிலோ மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பர் 18-ல்தான் சுற்றறிக்கை விட்டார்: குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று. வெள்ளைக்காரன் தேசத்துக் குழந்தைக்கு 2008-ல் தெரிந்த ஆபத்து நம் குழந்தைக்கு 2023-ல் தெரிகிறது! போகட்டும். வந்தவரைக்கும் சரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒன்றே முக்கால் வருஷம் கழித்துப் பராசியாவில் அதே கலவை குழந்தைகளுக்கு எழுதப்பட்டது.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைகளைக் கொன்றது கலவை அல்ல, விஷம். அதைச் செய்தது லாப வெறி. ஆனால் விஞ்ஞானம் கண்ட உண்மை டாக்டரின் பேனாமுனைக்கு வந்து சேர்ந்திருந்தால், அந்த விஷப் புட்டி பல வீடுகளுக்குள் போயிருக்கவே இருக்காது. கடையிலேயே தூசி படிந்து கிடந்திருக்கும். கோர்வை நெய்கிறவர்களுக்குத் தெரியும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உடலுக்கு நாடா எறிய, மற்றவர் கரைக்கு நாடா எறிய, இரண்டு இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால்தான் துணி. ஆராய்ச்சிக்காரர் தன் பக்கத்து நாடாவை எறிந்துவிட்டார். மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

செய்தியைச் சுமந்து வருகிறவர்

ஒரு சின்ன ஊர் டாக்டரை நினைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் நூறு பேரைப் பார்க்கிறார். உலகத்தில் மாதந்தோறும் வெளிவருகிற ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் படிக்க முடியாது. நாம் அவரைக் குறை சொல்ல மாட்டோம். அப்படியானால் புதிய செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? சர்க்கார் தபால் போடுகிறது. அது மாநிலத் தலைநகரத்துக்குப் போய், மாவட்டத்துக்குப் போய், கோப்புக்குள் படுத்துக்கொள்கிறது. ஆனால் தவறாமல் ஒருவர் அவர் வாசலில் வந்து நிற்கிறார். கழுத்தில் டை, கையில் தோல் பை, பையில் வழவழப்பான படம் போட்ட தாள். அவர்தான் மெடிக்கல் ரெப். அவரை அனுப்பியது மருந்துக் கம்பெனி. "டாக்டர், புதிய ஆராய்ச்சி" என்று அவர் நீட்டுகிற தாளில் கம்பெனிக்குச் சாதகமான ஆராய்ச்சி மட்டுமே இருக்கும். 'இந்த மருந்து 4 வயதுக்குக் கீழ் வேண்டாம்' என்று தன் சரக்குக்கு எதிராகச் செய்தி சுமந்து வருவதற்கு எந்த முதலாளி ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பான்?

"நாங்கள் விளம்பரத்துக்கு மயங்குகிறவர்கள் அல்ல, விஞ்ஞானத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்" என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். மனப்பூர்வமாகவே சொல்லுவார்கள். 1982-ல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 85 டாக்டர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர், தங்களுக்கு வழிகாட்டுவது விஞ்ஞானப் பத்திரிகைகளே, விளம்பரம் அல்ல என்றார்கள். பிறகு இரண்டு மருந்து விஷயங்களைப் பற்றித் தனியே கேட்டார்கள். அந்த இரண்டிலும் விஞ்ஞானம் ஒன்று சொன்னது, விளம்பரம் வேறொன்று சொன்னது. டாக்டர்களில் ஏராளமானோர் விளம்பரம் சொன்னதையே உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் உள்ளே போனதே அவர்களுக்குத் தெரியவில்லை!

2016-ல் அதே நாட்டில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட டாக்டர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கம்பெனி செலவில் ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள், அதுவும் 20 டாலருக்குக் குறைந்த சாப்பாடு, சாப்பிடாதவர்களைவிட அந்தக் கம்பெனியின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். கூடச் சாப்பிடச் சாப்பிட, எழுதுவதும் கூடியது. சாப்பாடுதான் காரணம் என்று அந்தக் கணக்கு மட்டும் நிரூபித்துவிடவில்லை என்பார்கள். இருக்கட்டும். சாப்பாடு போட்டால் பலன் இல்லை என்றால், காசைக் கணக்குப் பார்க்கிற கம்பெனிகள் அத்தனை வருஷமாய் ஏன் இலை போட்டுக்கொண்டிருக்கின்றன?

அமெரிக்காவை விடுங்கள். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டு 2022 பிப்ரவரி 22-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. சென்னை மருந்துக் கம்பெனி ஒன்று, தன் மருந்துக்குப் பிரசாரம் செய்யும் பொருட்டு டாக்டர்களுக்குக் கொடுத்த வெகுமதிகளைத் தொழில் செலவு என்று காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. டாக்டர்களுக்குப் போகும் வெகுமதிகள் என்னென்ன என்று கோர்ட்டில் வந்த பட்டியலில் தங்கக் காசு உண்டு, டெலிவிஷன் உண்டு, பிரிட்ஜ் உண்டு, லாப்டாப் உண்டு. வாங்குவது டாக்டர்களுக்குச் சட்டப்படி குற்றமாக இருக்கும்போது, கொடுப்பதற்கு வரிச் சலுகையா என்று கேட்டுக் கோர்ட்டு மனுவைத் தள்ளியது. இந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்தின் விலையில்தான் ஏறுகிறது என்றும் கோர்ட்டே சொல்லிற்று. ஆக, டாக்டர் வீட்டுப் பிரிட்ஜுக்குத் தவணை கட்டுகிறவர் வேறு யாருமல்ல; தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்தான், நாற்று நடப் போகிறவர்தான்.

பராசியா டாக்டர் கம்பெனியிடம் கமிஷன் வாங்கினார் என்று போலீஸ் குற்றம் சாட்டியது. அதைக் கோர்ட்டு விசாரித்துத் தீர்மானிக்கட்டும். ஒரு டாக்டரைப் பிடித்துச் சிறையில் போட்டதும் தங்கள் கடமை முடிந்தது என்று கைகழுவுகிறவர்களைப் பற்றித்தான் நம் பேச்சு.

மெடிக்கல் ரெப்பையும் நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. மாதத்துக்கு இவ்வளவு விற்றாக வேண்டும் என்று அவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். விற்காவிட்டால் வேலை போய்விடும். அவரும் கூலிக்காரர்தான், டை கட்டிய கூலிக்காரர். இதில் பெருமைப்பட வேண்டிய விஷயம், இந்த லஞ்ச முறைக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது மந்திரிமாரும் அல்ல, பெரிய டாக்டர்களின் சபைகளும் அல்ல. இந்த ரெப்புகளின் அகில இந்திய சம்மேளனம்தான். டாக்டர்களுக்கு வெகுமதி கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தன் வயிற்றுப் பாட்டுக்கு ஆதாரமான தொழிலின் அழுக்கைத் தானே வெளியில் எடுத்துப் போடுவதற்குத் தைரியம் வேண்டும். மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2024 மார்ச்சில் ஒரு நெறிமுறை வெளியிட்டது. மீறினால் விசாரிப்பது யார் தெரியுமா? மருந்துக் கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. ஆட்டுக்கிடைக்கு ஓநாயே காவல்!

சேத்துப்பட்டில் நடந்தது

விஞ்ஞானம் கண்ட உண்மை டாக்டரின் பேனாவை மாற்றவே மாற்றாது என்று நாம் சொல்லவில்லை. மாற்றியிருக்கிறது. உலகத்தையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு நம் சென்னையில், சேத்துப்பட்டில் பிறந்தது.

காசம் என்றால் ஒரு காலத்தில் நம் குடும்பங்களில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். "தாம்பரம் போ" என்பார்கள் டாக்டர்கள். தாம்பரம் சானடோரியத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நாட்டில் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகள் சில ஆயிரம். நல்ல காற்று வேண்டும், பாலும் முட்டையும் வேண்டும், மாசக் கணக்கில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அன்றைய வைத்திய சாஸ்திரம். பாலுக்கும் முட்டைக்கும் வழி உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் இருமி இருமிச் சாவான் என்பதற்குச் சாஸ்திரம் என்று பெயர்!

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையம் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் முன்னின்று நடத்தினார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியைத் தங்கள் குடிசையிலேயே இருக்கச் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோநயாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு. குடிசையில் இருந்தவர்களுக்கு அரை வயிறு, ஒரே அறையில் ஆறேழு பேர், உடம்பு தேறியதும் வேலை.

1959-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. குணமாக்கியது மாத்திரை, மாளிகை அல்ல. மாத்திரையை ஒழுங்காக ஏழையின் வாயில் சேர்த்தால் ஏழையும் பிழைப்பான். உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாவதற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம். 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது, வீட்டிலேயே வைத்து இலவச வைத்தியம் என்பதே அதன் அஸ்திவாரமாக இருந்தது.

இந்தச் செய்தி எப்படிப் பரவிற்று? எந்த ரெப்பும் தோல் பையில் தூக்கிக்கொண்டு வரவில்லை. சர்க்கார் தன் செலவில் ஆராய்ந்தது. தன் ஆட்களை அனுப்பியது. நிலையத்து ஊழியர்கள் குடிசை குடிசையாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று கேட்டார்கள். ஆராய்ச்சி செய்தவரும் அதைச் செயலில் காட்டியவரும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தார்கள். அந்த முதலாளிக்கு லாபக் கணக்கு இல்லை. கரைக்கு நாடா எறிய ஆள் இருந்தது.

அதே நோய்க்குத் தனியார் மார்க்கெட்டில் நடந்ததைப் பாருங்கள். 1991-ல் பம்பாய்த் தாராவியில் நூறு தனியார் டாக்டர்களிடம் காச நோயாளிக்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். நூறு பேரும் சேர்ந்து 80 விதமான சீட்டு எழுதினார்கள்! இருபது வருஷம் கழித்து 2010-ல் மறுபடி பம்பாயில் 106 தனியார் டாக்டர்களிடம் கேட்டார்கள். 63 விதம். சரியாக எழுதியவர்கள் 6 பேர். தப்பான சீட்டால் நோய் போகாது. மருந்துக்கு அடங்காத புதுக் கிருமி பிறக்கும். காசத்துக்கு எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அதில் பாதி நம் சேத்துப்பட்டில் கண்டறிந்த விஷயம். இருபது வருஷத்தில் அது தாராவியின் சந்துகளைத் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தியை விற்றால் காசு வராது.

நம் வீட்டுச் சீட்டு

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் சமீபத்தில் நம்மிடம் ஒரு மருந்துச் சீட்டைக் காட்டினார். மூன்று வயதுப் பேத்திக்குச் சளி. சீட்டில் ஐந்து வரி: ஒரு இருமல் சிரப், ஒரு கிருமிக்கொல்லி, ஒரு காய்ச்சல் மருந்து, ஒரு சத்து டானிக், வயிற்றுக்கு ஒன்று. ஐந்தும் கம்பெனிப் பெயர்கள். இரண்டு நாள் கூலி கடையில் போய்விட்டது. "ஐந்தில் எது அவசியம்?" என்று கேட்டோம். "எனக்கென்ன தெரியும்? ஐந்தும் எழுதினால்தானே நல்ல டாக்டர்?" என்றார்.

இந்தப் பதிலுக்கு நாமும் பொறுப்பு, தோழர்களே. ஊசி போடாத டாக்டரை நாம் மதிப்பதில்லை. "வெறும் மாத்திரையா கொடுத்தார்?" என்று முகம் சுளிக்கிறோம். ஏன்? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகிறது. சேலை முடிய நாள் தள்ளிப் போனால் முதலாளி பாவு கொடுக்க மாட்டார். நாளைக்கே எழுந்து தறியில் உட்கார்ந்தாக வேண்டும், ஷிப்டுக்குப் போயாக வேண்டும், களத்துமேட்டில் நின்றாக வேண்டும். சளி தானாகப் போகும் வரை காத்திருப்பது சம்பளத்தோடு லீவு உள்ளவனுக்குக் கட்டும். நம் அவசரத்தை உண்டாக்கியதும் முதலாளி. அந்த அவசரத்தைப் புட்டியில் அடைத்து விற்பதும் முதலாளி.

எல்லா டாக்டர்களும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. கம்பெனிக்காரனை வாசலிலேயே நிறுத்துகிற டாக்டர்களை நமக்குத் தெரியும். தாயிடம் பத்து நிமிஷம் பேசி, "மருந்து வேண்டாம் அம்மா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கூட்டம் குறைவு, அதுவும் உண்மை.

ஆகவே சளி பிடித்த குழந்தைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறோம். கம்பெனிக்காரன் வந்து சொல்லப் போவதில்லை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தையானால் அடிக்கடி பால். பெரிய குழந்தையானால் வெதுவெதுப்பான கஞ்சி, நீராகாரம். மூக்கடைத்தால் கடையில் விற்கிற உப்புநீர்ச் சொட்டு இரண்டு துளி. காய்ச்சல் அடித்தால் எடைக்குத் தக்க அளவு பாராசிட்டமால், அதுவும் கேட்டுத் தெரிந்துகொண்டு. மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், அது சாதாரணச் சளி அல்ல. ராத்திரியானாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மத்திய சுகாதார இலாகாவே 2025 அக்டோபர் 3-ல் இதே ரீதியில் எழுதிற்று: 2 வயதுக்குக் கீழ் இருமல், ஜலதோஷ மருந்து கூடவே கூடாது, பொதுவாக 5 வயதுக்குக் கீழும் வேண்டாம் என்று. குழந்தைகள் செத்த பிறகு எழுதிற்று.

போலீஸ் வேன் வந்த வழி

கடைசியாகச் சுங்குவார்சத்திரத்துக்கே திரும்புவோம். இந்த ஊரின் பெயர் அதற்கு முந்தின வருஷமும் பத்திரிகைகளில் அடிபட்டது. 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நின்றார்கள். அக்டோபரில் போலீசார் வந்து தொழிலாளிகள் உட்கார்ந்திருந்த பந்தலைப் பிரித்துப் போட்டார்கள். தலைவர்களைக் கைது செய்தார்கள். சங்கம் வேண்டும் என்று கேட்ட தொழிலாளியின் பந்தலுக்கு வழி தெரிந்த சர்க்காருக்கு, அதே ஊரில் குழந்தை மருந்து காய்ச்சுகிற கொட்டகைக்கு வழி தெரியவில்லை! ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதித்த பிறகே மருந்து செய்ய வேண்டும் என்பது விதி. பல கம்பெனிகள் அப்படிச் சோதிப்பதே இல்லை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே 2025 அக்டோபரில் எழுதியிருக்கிறார். விதி இருக்கிறது, போய்ப் பார்க்க ஆள் இல்லை, அல்லது பார்க்க மனமில்லை.

நாட்டில் பணமில்லை, ஆளில்லை என்ற சப்பைக்கட்டு இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரு பட்டியல் போட்டு, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே மொத்தமாக வாங்கி, தொகுதி தொகுதியாகச் சோதனைக்கு அனுப்பிய பிறகே விநியோகிக்கிறார்கள். பட்டியலில் உள்ளதைத்தான் அரசாங்க டாக்டர் எழுதுகிறார். அங்கே டாக்டரின் பேனாவுக்கு ரெப்பின் தங்கக் காசு தேவைப்படவில்லை. மற்ற ராஜ்யங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. ஆஸ்பத்திரி மதில் சுவருக்கு உள்ளே முடிந்த காரியம் மதிலுக்கு வெளியே ஏன் முடியாது?

டாக்டருக்கு வெகுமதி கொடுக்கிற கம்பெனியைத் தண்டிக்க நெறிமுறை போதாது, சட்டம் வேண்டும். சீட்டில் மருந்தின் பெயரை எழுத வேண்டும், கம்பெனியின் பெயரை அல்ல. தடை செய்த மருந்து, எச்சரித்த மருந்து எது என்று கம்பெனி அல்லாத ஒரு மனிதர் ஒவ்வொரு டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குச் சர்க்கார் சம்பளத்தில் ஆள் போட வேண்டும். சிரப் காய்ச்சுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இன்ஸ்பெக்டர் வருஷம் தவறாமல் போக வேண்டும். போன தேதியை ஊரார் பார்க்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும்.

இதற்குள் நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மருந்து வாங்கியதும் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். நோயாளியின் பெயரும் டாக்டரின் பெயரும் உள்ள பகுதியை மடித்துவிட்டு, உங்கள் தொழிற்சங்கத்திலோ விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலோ கொடுங்கள். வயது என்ன, நோய் என்ன, செலவு எவ்வளவு என்று பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைத் தோழர்கள் எழுதித் தருவார்கள். பிள்ளையார்பாளையத்துச் சீட்டை முதல் சீட்டாக வைத்திருக்கிறோம். நூறு சேர்ந்ததும், எத்தனை வரி மருந்தின் பெயர், எத்தனை வரி கம்பெனியின் பெயர், 4 வயதுக்குக் கீழ் எத்தனை இருமல் சிரப் என்று எண்ணி, மாவட்டக் கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துப் போவோம்.